கோம்பாக்கில் வீடு: முகவரியில் கோலாலம்பூர், கெரானில் சிலாங்கூர். எந்த வேலைக்கு எந்த ஆபீஸ்?

தாமான்தேடி:
வணக்கம். கோம்பாக் மாவட்டத்தில் பழைய வீடு வாங்குவது பற்றித் தெளிவான விவரம் வேண்டும். பட்டியலில் இருப்பவை நான்கு: தாமான் மெலாவத்தியில் ஒரு தெரஸ் வீடு, பத்துமலைப் பக்கம் ஒரு அடுக்குமாடி, கெப்போங் தாமான் ஏசானில் ஒரு தெரஸ், ரவாங்கில் ஓர் இரட்டை மாடி. முதல் மூன்றுக்கும் விளம்பரத்தில் "கோலாலம்பூர்" என்றே போட்டிருக்கிறார்கள். வரி எங்கே கட்டுவது, கெரானை (நில உரிமைப் பத்திரத்தை) எங்கே சரிபார்ப்பது, பள்ளி, குப்பை, வெள்ளம், மண் என எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஆபீஸ் பெயரோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

எல்லைக்கல்:
நான்குமே சிலாங்கூர்தான். விளம்பரத்தை விடுங்கள், எல்லை எப்படி வந்தது என்று முதலில் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் சிலாங்கூரிலிருந்து பிரிக்கப்பட்டுக் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதே நாளில், வெளியே மிஞ்சிய வடக்கு, கிழக்குப் பகுதிகளைச் சேர்த்துக் கோம்பாக் மாவட்டம் அமைந்தது. தலைமையிடம் முதலில் ரவாங், இப்போது பண்டார் பாரு செலாயாங். மாவட்டத்தில் நான்கு முக்கிம்கள் (மாவட்டத்தின் உட்பிரிவுகள்): பத்து, ரவாங், செத்தாபாக், உலு கிளாங். தெற்கே கோலாலம்பூர், வடக்கே உலு சிலாங்கூர், கிழக்கே மலைத்தொடரைத் தாண்டினால் பகாங்கின் பெந்தோங்.

குழப்பம் தொடங்குவது இங்கேதான். புதிய எல்லைக்கோடு பழைய முக்கிம்களின் நடுவே ஓடியது. அதனால் பத்து, செத்தாபாக், உலு கிளாங் என்ற பெயர்கள் கோட்டின் இரண்டு பக்கமும் இருக்கின்றன. கோலாலம்பூரிலும் "முக்கிம் பத்து" உண்டு, கோம்பாக்கிலும் உண்டு. கெரானில் முக்கிம் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வந்தால் ஏமாந்து போவோம். மேலே இருக்கிற வரிகளை வரிசையாகப் படியுங்கள்: நெகிரி (மாநிலம்), டாயேரா (மாவட்டம்), பண்டார் (நகரம்) அல்லது முக்கிம், லோட் (மனை) எண். "நெகிரி சிலாங்கூர், டாயேரா கோம்பாக்" என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அஞ்சல் குறியீடு தபால் பிரிக்கிற வசதிக்காகப் போட்டது. நிர்வாக எல்லையோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 53100 கோலாலம்பூர் என்று தாமான் மெலாவத்திக்குத் தபால் போகிறது, ஆனால் அது உலு கிளாங் முக்கிம், சிலாங்கூர். 52100 கெப்போங்கில் தாமான் ஏசான், டேசா ஜெயா, டேசா அமான் பூரி எல்லாம் செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ். சாலையைத் தாண்டினால் அதே குறியீட்டில் டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்). மறுபக்கம் பாருங்கள்: எல்லாரும் "செலாயாங் பாசார் போரோங்" என்று சொல்கிற மொத்தச் சந்தை கோலாலம்பூருக்குள் இருக்கிறது, அதை நடத்துவது டிபிகேஎல். ஆனால் அதன் குறியீடோ 68100 பத்துமலை.

பத்துமலையடி:
எல்லைக்கல் அண்ணே சொன்னதோடு ஒன்று. "கோலாலம்பூர் பத்துமலை" என்று உலகம் முழுக்க எழுதுகிறார்கள். கோயில் இருப்பது கோம்பாக் மாவட்டத்தில். நிர்வகிக்கிற ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் தேவஸ்தானம்தான் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் இருக்கிறது. தைப்பூச வெள்ளி ரதம் ஒவ்வோர் ஆண்டும் அந்த எல்லையைக் கடந்துதான் வருகிறது. அதனால்தான் சாலை மூடல் அறிவிப்பைக் கோலாலம்பூர் போலீஸ், சிலாங்கூர் போலீஸ் இரண்டிடமிருந்தும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுக் காரை எடுத்தால் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையில் மாட்டிக்கொள்வோம்.

நிலவரி:
இனி வேலைக்கு வருவோம். வரி இரண்டு, ஆபீஸ் இரண்டு. இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய.

நில வரி, அதாவது சுக்காய் தானா, மாநில அரசுக்குப் போவது. ஆண்டுக்கு ஒருமுறை, மே 31-க்குள் கட்டிவிட்டால் அபராதம் இல்லை. கோம்பாக் நிலத்துக்கு இதைப் பார்ப்பது பண்டார் பாரு செலாயாங்கில் உள்ள கோம்பாக் மாவட்ட நில அலுவலகம். அடுக்குமாடி என்றால் 2018 முதல் சிலாங்கூரில் சுக்காய் பெத்தாக் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தனி பில் வருகிறது. முன்பு போல நிர்வாகக் குழு மொத்தமாகக் கட்டிப் பிரித்துக்கொள்ளும் முறை இல்லை. ஆகவே பத்துமலை அடுக்குமாடியைப் பார்க்கிறவர், பராமரிப்புக் கட்டண பாக்கியை மட்டும் கேட்டுவிட்டு நிற்காமல் சுக்காய் பெத்தாக் ரசீதையும் தனியே கேட்க வேண்டும்.

வீட்டு வரி, சுக்காய் தக்சிரான், நகராண்மைக் கழகத்துக்கு. ஆண்டுக்கு இருமுறை: பிப்ரவரி கடைசிக்குள் ஒன்று, ஆகஸ்ட் 31-க்குள் ஒன்று. பத்துமலை, கெப்போங் தாமான் ஏசான், ரவாங் மூன்றும் செலாயாங் நகராண்மைக் கழகம், எம்பிஎஸ். தாமான் மெலாவத்தி மட்டும் அம்பாங் ஜெயா நகராண்மைக் கழகம், எம்பிஏஜே. அதன் தலைமையகம் பண்டான் இண்டாவில்.

இரண்டு பாக்கிக்கும் விளைவு வேறு. வீட்டு வரி பாக்கி வைத்தால் வாரண்ட் எடுத்து வீட்டுச் சாமான்களைக் கைப்பற்ற நகராண்மைக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு. நில வரி பாக்கிக்கு 6ஏ பாரம், அதாவது பாக்கியைக் கட்டச் சொல்லும் நோட்டீஸ், வரும். அதில் குறிப்பிட்ட மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் நிலமே பறிமுதல் ஆகலாம். 6ஏ போன விவரம் கெரானில் பதிவாகும், சாரியான் (கெரான் பதிவைத் தேடிப் பார்ப்பது) எடுத்தால் தெரிந்துவிடும். விற்பவர் "வரியெல்லாம் கட்டியாச்சு" என்று சொன்னால் எந்த வரி என்று கேளுங்கள். ஒரு ரசீதைக் காட்டி இரண்டும் முடிந்த மாதிரி பேசுவது அடிக்கடி நடக்கிறது.

தாமான்தேடி:
மிக்க நன்றி. சாரியான் எடுப்பது எப்படி? வக்கீலை வைப்பதற்கு முன்பே எடுக்க முடியுமா?

நிலவரி:
முடியும், எடுக்கத்தான் வேண்டும். புக்கிங் பணம் கொடுப்பதற்கு முன்பு எடுப்பதுதான் சரியான நேரம்.

விற்பவரிடம் கெரான் நகல் கேளுங்கள். தயங்கினால் நில வரி பில்லைக் கேளுங்கள். அதிலேயே கெரான் வகை, எண், லோட், முக்கிம் எல்லாம் இருக்கும். வகையைக் கவனியுங்கள். ஜிஎம், பிஎம், எச்எஸ்எம் என்று இருந்தால் அது மாவட்ட நில அலுவலகத்தில் பதிவான கெரான், செலாயாங்கில் இருக்கும். ஜிஆர்என், பிஎன், எச்எஸ்டி என்று இருந்தால் மாநிலப் பதிவாளரிடம் பதிவானது, ஷா ஆலாமில் உள்ள பிடிஜி சிலாங்கூர் (மாநில நில அலுவலகம்). வீடு கோம்பாக்கில் இருந்தாலும் கெரான் ஷா ஆலாமில் இருக்கலாம். செலாயாங் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்று, "இது இங்கே இல்லை" என்று திரும்பி வருவதற்குக் காரணம் இதுதான். இப்போது சிலாங்கூர் இ-தானா மூலம் இணையத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.

சாரியான் இரண்டு வகை. தனியார் சாரியான் தகவலுக்கு, சாரியான் ரஸ்மி சான்றளித்தது. முதல் கட்டத்துக்குத் தனியார் சாரியான் போதும். கையில் வந்ததும் இந்த இடங்களைப் படியுங்கள்.

முதலில் சியாராட் ஞாத்தா, அதாவது நிலத்தின் பயன்பாடு. "பங்குனான்" என்று இருந்தால் கட்டடம். "பெர்த்தானியான்" என்று இருந்தால் விவசாய நிலம், மேலே வீடு நின்றாலும் சரி. கோம்பாக்கின் பழைய கம்போங் பகுதிகளில் இப்படி நிறைய இருக்கும், வங்கிக் கடன் கிடைப்பது கடினம். அடுத்து செக்காத்தான் கெபெந்திங்ஙான், கட்டுப்பாடு. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றவோ அடமானம் வைக்கவோ முடியாது என்று இருந்தால், ஒப்புதல் வரும்வரை காலம் இழுக்கும். ஒப்பந்தத்தில் பணம் கட்டி முடிக்கும் 3+1 மாதக் கெடு (மூன்று மாதம், வட்டியோடு இன்னும் ஒரு மாதம்) கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து ஓடாமல், ஒப்புதல் கிடைத்த நாளிலிருந்து ஓடும்படி எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் நீங்கள் ஒரு தவறும் செய்யாமலேயே தாமத வட்டி கட்ட நேரும்.

பிஎம், பிஎன் என்றால் குத்தகை நிலம். முடிவு தேதியைப் பாருங்கள், மீதி ஆண்டு குறைந்தால் வங்கி கடன் ஆண்டைக் குறைக்கும். கடைசியாக கவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு), அடமானம், 6ஏ இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைக்கல்:
மலாய் ரிசர்வ் பற்றியும் சொல்லிவிடுங்கள். கோம்பாக், உலு கிளாங் கம்போங்குகளில் அது கணிசம்.

நிலவரி:
ஆமாம். கெரானிலேயே "தானா ரிசாப் மெலாயு" என்று குறித்திருக்கும். 1933-ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம் சிலாங்கூரில் நடப்பில் உள்ளது. மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாது. "பவர் எழுதித் தருகிறேன், நம்பிக்கைப் பத்திரம் போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். அந்த ஏற்பாடு செல்லாது. கொடுத்த பணத்தை வழக்குப் போட்டு மீட்பதும் பெரும்பாடு. விலை சந்தைக்குக் கீழே இருக்கிறதே என்று ஆசைப்பட்டுத்தான் நம் ஆட்கள் இதில் விழுகிறார்கள். தயவுசெய்து சொந்தக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள்.

ரவாங்காரன்:
உலு கிளாங்கும் அம்பாங்கும் ஒரே நகராண்மைக் கழகம்தானே, அப்போது மாவட்டமும் ஒன்றா?

எல்லைக்கல்:
இல்லை. எம்பிஏஜே இரண்டு மாவட்டங்களில் கால் வைத்திருக்கிறது. உலு கிளாங் முக்கிம் கோம்பாக் மாவட்டம். அம்பாங் முக்கிம் உலு லங்காட் மாவட்டம், அதன் நில அலுவலகம் காஜாங் பக்கம். ஒரே நகராண்மைக் கழகத்துக்கு வீட்டு வரி கட்டுகிற இரண்டு வீடுகள், நில விஷயத்துக்கு ஒன்று செலாயாங்குக்கும் மற்றொன்று காஜாங்குக்கும் போக வேண்டியிருக்கும். "அம்பாங்" என்று விளம்பரத்தில் இருந்தால் எந்த முக்கிம் என்று கேட்டே ஆக வேண்டும். 68000 அம்பாங் முகவரி கொண்ட மிருகக்காட்சி சாலை, ஸூ நெகாரா, உண்மையில் உலு கிளாங்கில், கோம்பாக் மாவட்டத்தில் இருக்கிறது.

நகர்வலம்:
எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. கெரான் வேலை ஒருமுறை முடிந்தால் போதும். அதன் பிறகு கோலாலம்பூரா சிலாங்கூரா என்பது அன்றாட வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் தராது. தண்ணீர் இரண்டு பக்கமும் ஆயர் சிலாங்கூர், மின்சாரம் டிஎன்பி, கழிவுநீர் இண்டா வாட்டர். இதை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா?

பத்துமலையடி:
தண்ணீரையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒன்றுதான், சலுகை ஒன்றல்ல. ஸ்கிம் ஆயர் டாருல் ஏசான் மூலம் மாதம் 20 கன மீட்டர் இலவசம் என்பது சிலாங்கூர் மாநில அரசின் திட்டம். கோலாலம்பூர்வாசிக்குக் கிடையாது. முன்பு எல்லாருக்கும் தானாகக் கிடைத்தது, 2020 முதல் வருமான வரம்பு வைத்து விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். பில்லில் "கோலாலம்பூர்" என்று இருக்கிறதே என்று தாமான் மெலாவத்தி, கெப்போங் ஆட்கள் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வீடு சிலாங்கூர் மண்ணில் இருந்தால் தகுதி உண்டு, வருமானத்தைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

குப்பையும் அப்படித்தான். 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தைக் கோலாலம்பூர் ஏற்றது, அங்கே ஆலாம் ஃபுளோரா வண்டி வருகிறது. சிலாங்கூர் அந்தச் சட்டத்தில் சேரவில்லை. இங்கே கேடிஇபி வேஸ்ட் மேனேஜ்மெண்ட். குப்பை எடுக்கவில்லை என்று தவறான இடத்துக்கு ஃபோன் அடித்தால் "எங்கள் பகுதி இல்லை" என்ற பதில்தான் வரும்.

எல்லைக்கல்:
ஓட்டுரிமையை மறந்துவிட்டீர்களே. கோலாலம்பூர்வாசிக்கு நாடாளுமன்ற ஓட்டு ஒன்றுதான், சட்டமன்றம் கிடையாது. கோம்பாக்வாசிக்கு இரண்டு. நாடாளுமன்றத்துக்கு செலாயாங், கோம்பாக், அம்பாங் என்று தொகுதிகள். சட்டமன்றத்துக்கு குவாங், ரவாங், தாமான் டெம்ப்ளர், சுங்கை துவா, கோம்பாக் செத்தியா, உலு கிளாங், புக்கிட் அந்தாராபங்சா என்று வருகிறது. நகராண்மைக் கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. எனவே கால்வாய் அடைப்புக்குக் கூட உங்கள் குரல் போகிற வழி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்தான். டிபிகேஎல் பக்கம் அந்த வழியே இல்லை. என்னைக் கேட்டால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

வாக்காளர் பதிவு இப்போது தானாக நடக்கிறது, ஆனால் அடையாள அட்டை முகவரியை வைத்து. வீடு மாறியதும் ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) போய் முகவரியை மாற்றாவிட்டால் ஓட்டு பழைய ஊரிலேயே கிடக்கும்.

நகர்வலம்:
ஓட்டு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். விடுமுறை?

எல்லைக்கல்:
பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் இந்த இரண்டில் கோலாலம்பூருக்கு மட்டும். டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தான் பிறந்தநாள் சிலாங்கூருக்கு மட்டும். தைப்பூசம் இரண்டுக்கும் உண்டு. வேலைக்கு எங்கே போகிறீர்களோ அந்த இடத்தின் விடுமுறைதான் உங்களுக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிற இடத்தின் விடுமுறை. அம்மா, பிள்ளை இருவரில் ஒருவருக்கு விடுமுறை, மற்றவருக்கு இல்லை என்ற நாள் வருடத்தில் இரண்டு வரலாம், முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பத்துமலையடி:
பள்ளி: கோம்பாக் மாவட்டக் கல்வி அலுவலகம், பிபிடி கோம்பாக். கோலாலம்பூர்ப் பள்ளிகள் வேறு நிர்வாகம். முதலாம் ஆண்டுப் பதிவுக்கு முகவரிச் சான்று கேட்பார்கள், தண்ணீர் அல்லது மின்சார பில் உங்கள் பெயரில் இருந்தால் வேலை சுலபம். பட்டியலில் உள்ள பகுதிகளுக்குத் தமிழ்ப்பள்ளி என்றால் பத்துமலை, ரவாங், தாமான் மெலாவத்தி மூன்று இடத்திலும் உண்டு. எல்லை தாண்டியும் விண்ணப்பிக்கலாம், இடம் இருந்தால்தான் கிடைக்கும்.

மண்ணறிவு:
எல்லாரும் ஆபீஸ் பற்றியே பேசுகிறீர்கள். கோம்பாக்கில் வீடு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மண் என்பது என் உறுதியான கருத்து. கெரான் சிக்கலை வக்கீல் தீர்ப்பார், சரிவு சரிந்தால் தீர்க்க யாரும் இல்லை.

உலு கிளாங்கிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கிரானைட் பாறை சிதைந்து உண்டான மண். வெட்டியும் நிரப்பியும் சமன் செய்து கட்டிய சரிவுகள். 1993 டிசம்பர் 11 ஹைலேண்ட் டவர்ஸின் முதல் கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தது இங்கேதான். பல நாள் மழை ஒரு காரணம். ஆனால் மேலே காட்டை அழித்தது, ஓடையைக் குழாய் வழியாகத் திருப்பியது, முறையாக வடிவமைக்காத தடுப்புச் சுவர்கள், பராமரிக்காத வடிகால் எல்லாம் சேர்ந்துதான் சரிவை இறக்கின. இறங்கிய மண் கட்டடத்தின் கீழிருந்த தூண்களைத் தள்ளியது. பிறகு 2002 நவம்பர் 20 தாமான் ஹில்வியூ, 2008 டிசம்பர் 6 புக்கிட் அந்தாராபங்சா. தேதிகளைப் பாருங்கள், நவம்பர், டிசம்பர். மழை வாரக்கணக்கில் பெய்து மண்ணுக்குள் நீர் ஏறிய பிறகு வருகிற சரிவுகள் இவை.

சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். ஹைலேண்ட் டவர்ஸ் வழக்கில் 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95(2) பிரிவு நகராண்மைக் கழகத்துக்குப் பாதுகாப்புத் தருகிறது என்று தீர்ப்பளித்தது. அனுமதி கொடுத்தார்களே என்று நம்பி வாங்கிவிட்டு, பிறகு அவர்களிடம் நஷ்டஈடு கேட்கலாம் என்று எண்ணக்கூடாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது மழை விட்ட மறுநாள் போங்கள். வீட்டுக்குப் பின்னால் சரிவு இருந்தால் அதன் அடிவாரக் கால்வாயைப் பாருங்கள். மண்ணும் இலையும் அடைத்திருந்தால் யாரும் பராமரிப்பதில்லை என்று அர்த்தம். தடுப்புச் சுவரில் சின்னச் சின்ன நீர்த்துளைகள் இருக்கும். மழைக்குப் பிறகு அதில் தெளிந்த நீர் கசிந்தால் நல்லது. முற்றிலும் காய்ந்து, சுவர் மட்டும் ஈரமாக இருந்தால் துளை அடைத்திருக்கிறது, நீர் சுவருக்குப் பின்னால் தேங்கி அழுத்துகிறது. கலங்கிய நீர் வந்தால் உள்ளிருந்து மண் வெளியேறுகிறது. சரிவின் உச்சியில் பிறை வடிவ விரிசல், சாய்ந்த மின்கம்பம், வளைந்த மரத் தண்டு, மூட மறுக்கும் கதவு, இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் புவித்தொழில்நுட்பப் பொறியாளர் இல்லாமல் மேலே போக வேண்டாம்.

சரிவு யாருடையது என்பது முக்கியக் கேள்வி. லோட் எல்லைக்குள் வந்தால் பராமரிப்பு உங்கள் செலவு. பக்கத்துத் தனியார் நிலம் என்றால் அந்த உரிமையாளரைத் துரத்த வேண்டும். சரிவுக் கோணத்தில் 25 முதல் 35 பாகை மூன்றாம் வகுப்பு, 35-க்கு மேல் நான்காம் வகுப்பு. எம்பிஏஜேயில் சரிவுக்கென்று பிரிவு இருக்கிறது. விரிசல் கண்டால் படம், தேதியோடு எழுத்தில் கொடுங்கள், வாய்மொழியில் நிற்க வேண்டாம்.

வீட்டுக் காப்புறுதியில் நிலச்சரிவும் மண் உள்வாங்கலும் வழக்கமாகச் சேராது, தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். அடிப்படைத் தீக் காப்புறுதியில் வெள்ளமும் சேராது.

தாமான்தேடி:
தாமான் மெலாவத்தி வீடு சமதளத்தில்தான் இருக்கிறது. அப்படியானால் பத்துமலை, ரவாங் பக்கம் மண் பரவாயில்லையா?

மண்ணறிவு:
அங்கே பிரச்சினை வேறு. பத்துமலைக் குன்று சுண்ணாம்புப் பாறை. அதே பாறை குன்றைச் சுற்றித் தரைக்குக் கீழேயும் பரந்து கிடக்கிறது. மேற்பரப்பு ஊசி ஊசியாக, நடுவே பள்ளங்களோடு இருக்கும். ஒரே லோட்டில் ஒரு மூலையில் சில மீட்டரில் பாறை தட்டும், எதிர் மூலையில் பல மடங்கு ஆழம் போக வேண்டும். கட்டடம் முறையாகப் பைலிங் (ஆழத் தூண் அடித்தளம்) செய்திருந்தால் வீட்டுக்கு ஆபத்து குறைவு. நிலத்தடி நீர் இறங்கினாலோ குழாய் உடைந்து நீண்ட நாள் கசிந்தாலோ திடீர்ப் பள்ளம் விழலாம். ஆகவே தண்ணீர் பில் காரணமில்லாமல் ஏறினால் உடனே கசிவைத் தேடுங்கள். ரவாங், குண்டாங், செலாயாங் பக்கம் பழைய ஈயச் சுரங்க நிலமும் உண்டு, அங்கே மிருதுவான சேறு அடியில் இருக்கும்.

இந்த இரண்டு வகை மண்ணிலும் அடிக்கடி கெட்டுப்போவது பின்பக்கச் சமையலறை நீட்டிப்பு. முதல் வீடு பைல் மேல் நிற்கும், நீட்டிப்பைக் கட்டுமானக் குத்தகையாளர் சாதாரண அடித்தளத்தில் கட்டி, இரண்டையும் இரும்புக் கம்பியால் இறுகக் கட்டிவிடுவார். புதுப் பகுதி உட்காரும், பழையது உட்காராது, இணைப்பில் மேலிருந்து கீழ்வரை விரிசல் விழும், கூரையில் ஒழுகும். சரியான முறை: நீட்டிப்புக்கும் பைலிங் போடுவது, முடியாவிட்டால் இரண்டையும் கட்டாமல் நடுவே இடைவெளி விட்டு நெகிழ்வுப் பசையால் அடைத்து, மேலே தகடு போட்டு மூடுவது. விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசினால் அடுத்த மழைக்குத் திரும்ப வாய் திறக்கும். பழைய வீட்டில் அந்த இணைப்பில் மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். நீட்டிப்புக்கு எம்பிஎஸ் அல்லது எம்பிஏஜே அங்கீகரித்த வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொறுப்பும் வீட்டோடு சேர்ந்து உங்களிடம் வரும்.

ரவாங்காரன்:
ரவாங் என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. பத்துமலைக் கோயிலைத் தொடங்கிய கே. தம்புசாமிப் பிள்ளை, லோக் இயூவோடு சேர்ந்து 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்சாரம் கொண்டுவந்தார். மலாயாவில் மின்சாரத்தின் தொடக்கமே அதுதான். இன்று நாம் மண் சரியில்லை என்று அளந்து பார்க்கிற இடத்தில் நம் ஆள் ஒருவரின் பெரிய வேலை புதைந்து கிடக்கிறது.

வெள்ளம்: கோம்பாக் மாவட்டத்தின் மலைகளிலிருந்து இறங்கும் பத்து ஆறு, கோம்பாக் ஆறு, கிளாங் ஆறு மூன்றும் கோலாலம்பூருக்குள் போகின்றன. கிளாங் கேட்ஸ் அணை, பத்து அணை இரண்டும் இந்த மாவட்டத்தில்தான். 2007-இல் திறந்த, வெள்ள நீரைத் திருப்பிவிடும் ஸ்மார்ட் சுரங்கம், பத்துக் குளத்துக்குக் கோம்பாக் ஆற்று வெள்ளத்தைத் திருப்பும் கால்வாய் எல்லாம் மாநகரைக் காப்பதற்காகக் கட்டியவை. தாமான்களில் வருகிற திடீர் வெள்ளம் பெரும்பாலும் ஆறு பெருகி வருவதில்லை, மாலை இடிமழையில் உள்ளூர்க் கால்வாய் தாங்காமல் வருவது. ஏப்ரல், மே, பிறகு அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் கடுமை. வீட்டைச் சுற்றியுள்ள கேட் தூண்களிலும் மின்பெட்டிகளிலும் ஒரே உயரத்தில் பழுப்புக் கோடு இருக்கிறதா பாருங்கள். வடிகால் இலாகாவின் பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர் தளத்தில் ஆற்று மட்டம் நேரலையாக இருக்கும்.

நகர்வலம்:
போக்குவரத்தைச் சேர்த்துவிடலாம். பத்துமலைக்கு 2010 முதல் கேடிஎம் கொமுட்டர் நேரடியாக வருகிறது, அதுதான் கடைசி நிலையம். வண்டிக்கும் வண்டிக்கும் இடைவெளி நீளம், நேர அட்டவணை பார்க்காமல் போகக் கூடாது. ரவாங் வேறு வழித்தடம், தஞ்சோங் மாலிம் - போர்ட் கிளாங் பாதை. மெலாவத்திக்கு வங்சா மாஜு, ஸ்ரீ ரம்பாய் எல்ஆர்டிகள் பக்கம், நிலையம்வரை பஸ்ஸோ காரோ வேண்டும். காரில் போகிறவருக்கு எம்ஆர்ஆர்2 தான் எல்லாம், காலையில் 7 மணிக்கு முன் ஏறிவிடுவது நல்லது. ரவாங்கைத் தாண்டி வடக்கே செரெண்டா போகிறவர்களுக்கு 2017-இல் திறந்த பைபாஸ் பெரிய நிம்மதி. காஞ்சிங் காட்டின் மேலே உயர்பாலமாகப் போகிறது, டோல் இல்லை.

மண்ணறிவு:
அந்தப் பாலம் உயரமாகப் போவதற்குக் காரணமே காடுதான். கியாம் காஞ்சிங் என்ற மரம் காஞ்சிங் பகுதிக்கே உரியது. கெப்போங் பக்கம் இருக்கும் எஃப்ஆர்ஐஎம் (வன ஆராய்ச்சி நிலையம்) வனப்பூங்கா 2025-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது, சுரங்கம் தோண்டிப் பாழான நிலத்தில் நட்டு வளர்த்த காடு அது. தாமான் ஏசானில் வீடு பார்க்கிறவருக்கு அந்தக் காடு பக்கத்தில். என் கணக்கில் அதுவும் வீட்டின் மதிப்பில் சேரும்.

தாமான்தேடி:
எல்லாருக்கும் நன்றி. முதலில் சாரியான், பிறகு மழை விட்ட மறுநாள் வீடு, பிறகுதான் புக்கிங் என்று போகிறேன். கடைசியாக ஒன்று: வாங்கிய பிறகு பெயர் மாற்றம் எங்கெங்கே செய்ய வேண்டும்?

நிலவரி:
நில அலுவலகத்தில் 14ஏ பாரம் (உரிமை மாற்றப் பாரம்) பதிவானதும் கெரான் உங்கள் பெயருக்கு வரும். நில வரிக் கணக்கில் பெயரும் அதோடு மாறும், ஆனால் பில் அனுப்பும் முகவரி பழைய உரிமையாளருடையதாகவே இருந்துவிடும். அதை நீங்களே போய்த் திருத்த வேண்டும். பில் வரவில்லை என்பதைக் காரணமாக ஏற்கமாட்டார்கள். 6ஏ பாரமும் அதே பழைய முகவரிக்குத்தான் போகும்.

நகராண்மைக் கழகத்தில் பெயர் தானாக மாறாது. பாரம் ஐ நிரப்பி, 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 160-ஆம் பிரிவுப்படி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வழக்கமாக வக்கீலே அனுப்புவார். அனுப்பினாரா என்று கேட்டு, முத்திரை விழுந்த நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆயர் சிலாங்கூர், இண்டா வாட்டர், டிஎன்பி மூன்றிலும் சாவி கைக்கு வந்த அன்றே மீட்டர் அளவைப் படம் எடுத்துவிட்டுப் பெயர் மாற்றுங்கள். டிஎன்பியில் பழையவர் கட்டிய வைப்புத்தொகை அவருக்குத் திரும்பிப் போகும், உங்கள் பெயரில் புதிதாகக் கட்ட வேண்டும். இண்டா வாட்டர் பாக்கி பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் வீடுகள் உண்டு, அந்தப் பாக்கிக் கணக்கை வக்கீலிடம் ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டு வாங்குங்கள்.